ருசி பார்க்காமல் போடும் உப்பு

யசெனா ஊராட்சி அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை வெலிகா மூன்று முறை படித்தாள். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது. மூன்றாம் முறை, புரிந்தது சரிதானா என்று பார்ப்பதற்காகப் படித்தாள்.

'இந்த ஆண்டு புனித எலியா திருநாள் அசனம் முழுவதையும் திரு. எவ்லோகி தாஷெவ் அவர்கள் ஏற்கிறார். ஊர் மக்கள் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. குடும்பத்தோடு வந்து உணவருந்திச் சிறப்பிக்கவும்.' கீழே ஊர்த்தலைவர் பெனியோவின் கையெழுத்து. அதன் மேல் ஒரு முத்திரை.

"சிறப்பிக்கணுமாம்," என்று வெலிகா அந்தக் கதவிடமே சொன்னாள்.

எலியா நாள் ஜூலை இருபது. அதற்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஊருக்கு மேலே குன்றில் எலியாவின் சிற்றாலயம். அதன் வாசலில் இருக்கும் வாதுமை மரத்தடியில்தான் வருஷா வருஷம் அடுப்பு மூட்டி அசனம் நடக்கும். யசெனாக்காரர்களுக்கு அசனம் என்றால் ஒருவர் போட்டு மற்றவர் தின்பதல்ல. நேர்ந்துகொண்டவன் ஆடு கொடுப்பான். ஆடு இல்லாதவன் அரிசியோ வெங்காயமோ புதினாவோ கொடுப்பான். அதுவும் இல்லாதவன் ஒரு கட்டு விறகு கொண்டுவருவான். விறகும் இல்லாதவனுக்கு இரண்டு கை இருக்கிறதே, ஊற்றிலிருந்து தண்ணீர் சுமப்பான். எல்லாம் ஒரே அண்டாவில் விழும். பிறகு யாருடைய ஆடு யாருடைய வாய்க்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விஷயமே.

உப்பு வெலிகாவுடையது. பதினாறு வருஷமாக. ஊரில் முன்பு இருந்த காலுறை ஆலையின் கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைத்த கை அது. அசனத்தில் சாமியார் மந்திரித்து முடிக்கும்வரை ஒரு சொட்டு ருசி பார்க்கக் கூடாது. ஆண்டவருக்கு வைப்பதில் மனுஷன் முதலில் வாய் வைத்தால் அது எச்சில். அதனால் கொதியையும் ஆவியையும் பார்த்து, கையை நம்பி உப்புப் போட வேண்டும். பதினாறு வருஷத்தில் ஒரு வருஷம்கூட உப்புக் கூடியதில்லை, குறைந்ததில்லை. வெலிகாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண்பிள்ளைக்குக் கர்வப்பட ஒரு கைப்பிடி உப்பாவது இருக்க வேண்டாமா?

இந்த வருஷம் உப்பு மட்டுமல்ல, ஆடும் இருந்தது. மார்ச் மாதம் அவள் கணவன் ஸ்தாமென் மேல் டிராக்டர் கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடியே வெலிகா நேர்ந்துகொண்டாள். "எலியாவே, இந்த மனுஷன் தன் காலால நடந்து வீட்டுக்கு வரட்டும். என் வெள்ளைச் செம்மறி உன் அண்டாவுக்கு." பதினோரு ஆட்டில் அதுதான் முதல் தரம். கெஞ்சுகிற நேரத்தில் நொண்டி ஆட்டைக் காட்ட யாருக்கு மனம் வரும்? ஸ்தாமென் மே மாதம் இரண்டு ஊன்றுகோலோடு நடந்தான். பிறகு ஒன்றோடு. இப்போது வெறுங்கையோடு நடக்கிறான்.

எலியா தன் பங்கைச் செய்துவிட்டார். இனி வெலிகாவின் முறை. நேர்ந்த ஆடு அந்த நாளில் அந்த அண்டாவில் வெந்து, ஊர் அதைத் தின்று தீர்க்க வேண்டும். மிஞ்சினால் நேர்ச்சையைக் கடவுள் ஏற்கவில்லை என்று அர்த்தம். ஆண்டவரும் அவளும் பேசி முடித்த காரியம் அது. நடுவில் புகுந்து ஒரு காகிதம் வேண்டாம் என்கிறது.

உள்ளே பெனியோ காபி குடித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"வெளியில ஒட்டியிருக்கே, அது என்ன?"

"நல்ல சேதி வெலிகா. பன்னண்டு ஆடு. பட்டணத்துலேர்ந்து சமையல்காரங்க. மேஜை, நாற்காலி, வெள்ளைத் துணி எல்லாம் வருது. நாம கையை வீசிக்கிட்டுப் போய் உக்காந்தாப் போதும்."

"கல்யாண வீட்டுக்கே யாரும் கையை வீசிக்கிட்டுப் போறதில்ல. கோயிலுக்கு எப்படிப் போறது? என் ஆடு என்ன ஆறது?"

"உன் ஆட்டுக்கு என்ன?"

"என்னன்னு உனக்குத் தெரியாதா? நீதானே என்னை உன் வண்டியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனே. நீ பக்கத்துல நிக்கும்போதுதானே நேர்ந்தேன்."

பெனியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் எப்போது கண்ணாடியைத் துடைத்தாலும் அடுத்து வருவது பொய்யாகவோ சட்டமாகவோ இருக்கும்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு. கறியெல்லாம் முத்திரை குத்தி, குளிர்சாதன வண்டியில வருது. அதுக்கு நடுவுல உன் ஆடு நடந்து வந்து நின்னா, மாவட்டத்துலேர்ந்து வர்ற பெரியவங்க என்னைத்தான் கேப்பாங்க."

"போன வருஷமும் எல்லா ஆடும் நடந்துதான் வந்துச்சு. நீ ரெண்டு சட்டி நிறைய வாங்கிட்டுப் போனே. அப்ப சட்டம் எங்க போயிருந்துச்சு?"

"போன வருஷம் பெரியவங்க யாரும் வரல."

"எலியா வந்திருந்தார்," என்று சொல்லிவிட்டு வெலிகா கதவை அறைந்து சாத்தினாள். கண்ணாடி அதிர்ந்தது. அறிவிப்பு விழவில்லை, நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

நேராக மாதா கோவிலுக்குப் போனாள். மெத்தோதி சாமியார் முற்றத்தில் அண்ணாந்து நின்று, கூரையில் ஓடு மாற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஊருக்கு அவர் ஒருவர்தான் சாமியார். நாற்பது வயதுதான், ஆனால் அவசரத்திலேயே தாடி நரைத்துவிட்டது. வெலிகா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"ஆட்டை வீட்டுல சமைச்சு ஏழு வீட்டுக்குப் பங்கு வெச்சுடுங்கம்மா. நானே வந்து மந்திரிச்சுத் தர்றேன்."

"ஏழு வீட்டுக்கு நேரல சாமி. அண்டாவுக்கு நேர்ந்தேன்."

"ஆண்டவர் மனசைத்தான் பாக்கறார்."

"மனசை மட்டும் பாக்கறவரா இருந்தா ஸ்தாமெனோட மனசை மட்டும் தேத்திட்டுப் போயிருக்கலாமே. இடுப்பை எதுக்குச் சரி பண்ணினார்? அவர் காரியமாச் செஞ்சார். நானும் காரியமாத்தான் குடுக்கணும்."

வெலிகா விடவில்லை.

"நீங்களே பிரசங்கத்துல சொல்லுவீங்களே. எலியா பசியோட வந்தப்ப ராஜா அரண்மனைக்கா போனார்? கடைசிக் கைப்பிடி மாவை வெச்சுக்கிட்டிருந்த ஒரு விதவைகிட்டப் போய், எனக்கு முதல்ல ஒரு அடை சுட்டுக் கொண்டான்னு கேட்டார். நீ சும்மா உக்காரும்மா, நான் பட்டணத்துலேர்ந்து வரவழைக்கறேன்னு சொன்னாரா?"

சாமியார் மறுபடி அண்ணாந்து பார்த்தார். மூன்று குளிர்காலமாகப் பீடத்தின் மேலேயே ஒழுகிய கூரை. இப்போது மாட்டுகிற ஒவ்வொரு ஓடும் எவ்லோகி கொடுத்தது. கெட்ட மனிதர் அல்ல மெத்தோதி சாமியார். ஆனால் ஒழுகுகிற கூரைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பேசுவது அவரால் ஆகவில்லை. வெலிகாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது.

வீட்டில் ஸ்தாமென் ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தான். "விட்டுடு. அடுத்த வருஷம் குடுத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் நடந்துக்கறேன்னு நீ எலியாகிட்டச் சொன்னியா?"

மறுநாள் காலை ஸ்தாமென் கொல்லையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டினான்.

எலியா நாள் காலை ஆறு மணிக்கு வெலிகா வெள்ளைச் செம்மறியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆட்டின் கழுத்தில் துளசிக் கொத்து கட்டியிருந்தாள். ஸ்தாமென் பின்னால் மெல்ல வந்தான். பக்கத்து வீட்டு ஜினா வேலி ஓரத்தில் நின்றிருந்தாள். அசனத்துக்கு முப்பது வருஷமாக வெங்காயம் உரிக்கிறவள்.

"எங்கடி போறே? அதான் ஒண்ணும் கொண்டுவரக் கூடாதுன்னாங்களே."

"போக வேண்டிய இடத்துக்குப் போறேன்."

"எனக்கும் ராத்திரியெல்லாம் தூக்கமில்லடி. எலியா நாளும் அதுவுமா கண்ணு எரியாம இருக்கு. என்னமோ செத்த வீட்டுல அழாம நிக்கற மாதிரி இருக்கு."

"அப்ப எதுக்கு நிக்கறே? வா."

ஜினா கதவைக்கூடப் பூட்டாமல் வந்தாள்.

குன்றின் மேலே வாதுமை மரத்தடி அடுப்புக்குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். ஆலய வாசலுக்கு மறுபக்கம் எரிவாயு அடுப்புகள், பளபளவென்று ஐந்து எஃகு அண்டாக்கள். சுற்றிலும் சிவப்பு நாடா. நாடாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், முன்வரிசை பெரியவர்களுக்கு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பதாகை. அதில் எவ்லோகி தாஷெவ் என்ற பெயர் குன்றின் அடியிலிருந்தே படிக்கும்படி இருந்தது. எலியாவின் பெயரும் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும்.

பெனியோ கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். "வெலிகா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஆடு உள்ளே வரக் கூடாது."

"நாடாவுக்கு உள்ளே நான் வரல. மரத்தடியில உக்காந்திருக்கேன். மரமும் எவ்லோகியோடதா? அதையும் எழுதிக் குடுத்துட்டியா?"

அவள் வேரின் மேல் உட்கார்ந்தாள். ஆடு புல்லை மேய ஆரம்பித்தது. ஸ்தாமென் ஒரு பக்கம், ஜினா ஒரு பக்கம். பெனியோ கண்ணாடியைக் கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான், போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் எவ்லோகியே வந்தார். இதே ஊரில் பிறந்து பதினெட்டு வயதில் வெளியேறியவர். இப்போது கடற்கரையில் இரண்டு ஹோட்டல் வைத்திருக்கிறார். வெள்ளைக் கோட்டு, மெல்லிய செருப்பு. முகத்தில் கோபமே இல்லை. அதுதான் வெலிகாவுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

"வெலிகா அக்கா, என்ன குறை சொல்லுங்க. செஞ்சு தர்றேன்."

"ஒரு குறையும் இல்ல. அதான் குறை. எல்லாத்தையும் நீயே செஞ்சுட்டே. ஒரு வெங்காயம் குடுக்கறதுக்காவது எங்களுக்கு இடம் விட்டியா?"

"வருஷம் பூரா உழைக்கறீங்க. ஒரு நாளாவது நிம்மதியா உக்காந்து சாப்பிடட்டுமேன்னுதான் நினைச்சேன்."

"உன் வீட்டு விருந்துன்னா உக்காந்து சாப்பிடுவேன். நல்லா இருக்குன்னும் சொல்லுவேன். இது உன் வீடு இல்ல. இங்க நாங்க விருந்தாளி இல்ல தம்பி, வீட்டுக்காரங்க. ஆண்டவர் முன்னால நீட்டறதுக்கு எங்ககிட்ட வேற என்ன இருக்கு? ரெண்டு கை, நாலு ஆடு. அதையும் பையில வெச்சுக்கச் சொல்றே."

எவ்லோகியின் முகம் சிவந்தது. "அப்ப நான் குடுக்கக் கூடாதா? நானும் இந்த ஊர்ல ஞானஸ்நானம் வாங்கினவன்தானே."

"குடு. யார் வேண்டாம்னா? ஒரு ஆடு குடு, பன்னண்டும் குடு. மத்தவன் குடுக்கக் கூடாதுன்னு நாடா கட்டிட்டுக் குடுக்காதே."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஜினா மெல்ல, "கொஞ்சம் ஓவராப் பேசிட்டியோ?" என்றாள்.

"இன்னும் பாதி பாக்கி இருக்கு," என்றாள் வெலிகா.

ஒன்பது மணிக்குப் பூசை முடிந்து ஊர் மேலே ஏறி வந்தது. எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியும், பழக்கத்தில் ஆளுக்கொரு மூடி போட்ட சட்டி கையில் இருந்தது. நாடாவை ஒட்டி வரிசையாக நின்றார்கள். வெலிகாவைப் பார்த்துச் சிலர் தலையசைத்தார்கள். சிலர் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்கள்.

பட்டணத்துத் தலைமைச் சமையல்காரன் சுறுசுறுப்பான பையன். உயரத் தொப்பி, கழுத்தில் கைக்குட்டை. அவன் முதல் அண்டாவின் மூடியைத் தூக்கினான். நீண்ட கரண்டியை விட்டு மொண்டான். ஊதினான். எல்லோருக்கும் முன்னால் வாயில் வைத்து உறிஞ்சினான். நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தான். அதே கரண்டியை இரண்டாவது அண்டாவில் விட்டான். பிறகு மூன்றாவதில். கடைசி அண்டாவரை அவனைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"வாயில வெச்சுட்டான்," என்றாள் ஜினா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் குன்று முழுக்கக் கேட்டது.

முன்னால் நின்ற ஒரு கிழவர் தன் சட்டியின் மூடியைச் சரியாக அழுத்தி மூடினார். அவருக்குப் பின்னால் ஒருத்தி மூடினாள். டொக் டொக்கென்று வரிசை நெடுகச் சட்டிகள் மூடிக்கொண்டன.

சமையல்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன ஆச்சு? வேக்காடுதான் பார்த்தேன். உப்புகூட இன்னும் போடல. ருசி பாக்காம நான் எப்படிச் சமைக்கறது?"

"வேக்காடு பாத்தா என்ன, உப்புப் பாத்தா என்ன? எச்சில் எச்சில்தானே," என்றார் கிழவர்.

பெனியோ கூட்டத்துக்கு நடுவே புகுந்தான். "இதுல என்ன இருக்கு? வேதத்துல எங்கயாவது எழுதியிருக்கா? சாமி, நீங்க சொல்லுங்க."

மெத்தோதி சாமியார் கையில் தீர்த்தக் கிண்ணத்தோடு நின்றார். "வேதத்துல இல்லதான். வழக்கம்தான்," என்றார். வரிசையைப் பார்த்தார். ஜெபத்துக்கென்று ஒருவரும் தொப்பியைக் கழற்றவில்லை. "நான் மந்திரிக்கறேன் பெனியோ. ஆனா மந்திரிச்சு யாருக்குக் குடுக்கறது?"

எவ்லோகி வெள்ளை மேஜையின் பக்கத்தில் நின்றிருந்தார். "பன்னண்டு ஆடு," என்றார். "அவ்வளவும் கீழே கொட்டறதா?" அவரை யாரும் திட்டவில்லை. மாவட்டத்துப் பெரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகக் கார் நிற்கும் பக்கம் நகர்ந்தார்கள்.

அப்போதுதான் கூட்டம் வாதுமை மரத்தடிப் பக்கம் திரும்பியது.

வெலிகாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நல்லா வேணும் என்று உள்ளுக்குள் நாலு முறை சொல்லிக்கொண்டாள். அசனத்தை விலைக்கு வாங்கலாம் என்று நினைத்தவன் ஒரு கரண்டியில் கவிழ்ந்தான். எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"ஸ்தாமென், கத்தியை எடு. சாமி, நீங்க கொஞ்சம் காத்திருக்கணும்."

"எனக்கு ரெண்டு மணிக்கு இன்னொரு ஊர் இருக்கும்மா," என்றார் சாமியார். பிறகு தானாகவே கைபேசியை எடுத்து, தாமதமாகும் என்று யாரிடமோ சொன்னார்.

அடுத்த கால் மணி நேரத்தில் குன்று பழைய குன்றாகிவிட்டது. ஜினா ஓட்டமாகக் கீழே போய் ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்தாள். யாரோ அடுப்புக்குழியின் மண்ணைத் தோண்டினார்கள். யாரோ விறகு, யாரோ அரிசி, யாரோ ஒரு கொத்துப் புதினா. ஆலயத்தின் பின்புறம் எவ்லோகியின் ஆட்கள் நாற்காலி உறைகளைத் திணித்து வைத்திருந்த பழைய செப்பு அண்டாவை நாலு பேர் கவிழ்த்துக் கழுவிக் கொண்டுவந்தார்கள். ஊரின் பெரிய குடிகாரர் இரண்டு வாளியோடு ஊற்றுக்கும் அண்டாவுக்கும் நடந்தார். அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். ஒரு மணி நேரம் சும்மா நிற்கச் சொன்னபோது செத்துக் கிடந்த ஊர், வேலை கிடைத்ததும் உயிர் பிழைத்துக்கொண்டது.

ஆடு அண்டாவுக்குப் போனது. கொதி வந்தது. நுரையை எடுத்தாயிற்று. வெங்காயம் கரைந்தது. மதியம் தாண்டியதும் ஜினா, "உப்புடி," என்றாள். எல்லோரும் விலகி இடம் விட்டார்கள்.

வெலிகா உப்புப் பையோடு அடுப்பின் பக்கத்தில் நின்று ஆவியைப் பார்த்தாள். ஆவிக்கு அந்தப் பக்கம் எவ்லோகி தெரிந்தார். ஐம்பது நாற்காலிகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னுமா போகவில்லை? உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறானா? வெலிகாவுக்கு அடங்கியிருந்ததெல்லாம் மறுபடி கிளம்பியது. பதாகையை நினைத்தாள், ஒரு கை போட்டாள். நாடாவை நினைத்தாள், ஒரு கை. 'உக்காந்து சாப்பிடட்டுமேன்னுதான் நினைச்சேன்.' நினைப்பியா? இன்னொரு கை. பெனியோவின் முத்திரைக்கு ஒன்று, சாமியாரின் ஓடுகளுக்கு ஒன்று. வழக்கமாக ஒவ்வொரு கைக்கும் "எலியாவே, உனக்கு" என்று முணுமுணுத்துத்தான் போடுவாள். எத்தனை முறை சொன்னோம் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. இன்றைக்கு அதைச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியவே இல்லை.

சாமியார் ஜெபம் சொல்லி, துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தார். வழக்கப்படி முதல் கிண்ணம் அவருக்கு. ஒரு வாய் எடுத்தார். விழுங்கினார். அவர் கழுத்து மேலும் கீழும் போய் வந்ததை ஊரே பார்த்தது. "நல்லது," என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

இரண்டாவது கிண்ணம் ஸ்தாமெனுக்கு. அவன் ஒரு வாய் எடுத்துவிட்டு, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தான். "உப்பு," என்றான்.

"குறைச்சலா?"

"கடல்."

ஜினா முதல் ஸ்பூனை வாயில் வைத்துக் கண்ணில் நீர் கோக்க, "நல்லாத்தான்டி இருக்கு," என்றாள். குடிகாரர் மட்டும் ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டு வாளியோடு ஊற்றுக்கு ஓடினார். குழந்தைகள் துப்பின. பெரியவர்கள் துப்பவில்லை, மந்திரித்ததாயிற்றே. ஆனால் இரண்டாவது ஸ்பூன் யாருடைய கையிலும் எழும்பவில்லை.

வெலிகா தனக்கு ஒரு கிண்ணம் மொண்டு குடித்துப் பார்த்தாள். தொண்டை எரிந்தது. ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது, ஒவ்வொரு கைப்பிடியும் யாருக்காகப் போட்டது என்று. எலியாவுக்கு என்று ஒன்றுகூட இல்லை. ஸ்தாமெனின் காலுக்காகக் கொடுத்த ஆடு அண்டாவில் அப்படியே இருந்தது. ஊர் தின்னாது. தின்னாவிட்டால் மிஞ்சும். மிஞ்சினால் அவள் ஆஸ்பத்திரியில் நின்று சொன்ன வார்த்தை வார்த்தையாகவே நின்றுவிடும். கோபம் இப்போது யார் மேல் போவதென்று தெரியாமல் முதலில் வானத்தின் மேல் போனது. வேணும்னே செஞ்சியா என்று எலியாவைக் கேட்டாள். பிறகு அது அவள் மேலேயே திரும்பியது. நாடா கட்டினவனைத் திட்டினேனே, இந்த அண்டாவைச் சுற்றி நான் கட்டினது என்ன?

கேன்டீன்காரிக்கு மருந்து தெரியும். உப்புக் கூடிப்போனால் உப்பில்லாத சாறு ஊற்ற வேண்டும். பன்னிரண்டு ஆட்டுச் சாறு, ஒரு கல் உப்பு விழாமல், பத்தடியில் சூடாக இருந்தது.

"சாமி," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "மந்திரிச்ச அண்டாவுல மந்திரிக்காததை, எச்சில் பட்டதை ஊத்தலாமா?"

"ஒரு சொட்டுத் தீர்த்தம் விட்டாக் கிணத்துத் தண்ணியே தீர்த்தம்மா," என்றார் சாமியார். இந்த ஒரு விஷயத்தில் அவர் யாரையும் அண்ணாந்து பார்க்கவில்லை.

காலையில் முதலில் மூடிய கிழவர் சட்டியின் மூடியைத் திறந்தார்.

அந்தப் பத்தடியை நடப்பதற்குள் வெலிகாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. காலையில் பேசிய ஒரு வார்த்தையைக்கூட அவள் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை, எல்லாம் நியாயம்தான். ஆனால் நியாயத்தை எல்லாம் சுமந்துகொண்டு போய்க் கை நீட்டுவது சாமானிய வேலையா? நாடாவை ஒரு இழுப்பு இழுத்தாள், அது அறுந்து விழுந்தது. எவ்லோகி எழுந்து நின்றார். அவர் சிரித்திருந்தால் அவள் அப்படியே திரும்பியிருப்பாள். அவர் சிரிக்கவில்லை.

"உன் அண்டாவுல உப்பு விழுந்துச்சா?"

"இல்லக்கா. அந்தக் கலாட்டாவுல யாரும் போடல."

"எனக்கு வேணும்."

"எவ்வளவு?"

"அஞ்சும் வேணும். என் அண்டாவுல உப்பு ஏறிப்போச்சு. உன்னை நினைச்சுக்கிட்டே போட்டுட்டேன்."

எவ்லோகி சமையல்காரர்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார்.

"ஆளைக் கூப்பிடாதே," என்றாள் வெலிகா. "நீயே தூக்கு."

எவ்லோகி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அண்டாவின் கிட்டே போனவர் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அக்கா, சுடுது."

"சுடும்தான்," என்றாள் வெலிகா. அவளுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஏப்ரனை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, அண்டாவின் மறுபக்கத்துக் காதை அவள் பிடித்தாள்.